சைக்கிளில் கட்ட முடியாத பொருள்: குறைந்த செலவில் முதல் மீன்தொட்டி

கடந்த வருடம் அக்காவின் மகளுடைய பிறந்தநாளுக்கு ஒரு வட்டக் கண்ணாடிக் கிண்ணமும் இரண்டு கோல்ட் பிஷ்ஷும் வாங்கிக் கொடுத்தேன். கிண்ணம், கலர் கல்லு, தீன் டப்பா, மீன் எல்லாம் சேர்த்து ஒரே பையில் கடைக்காரர் தந்தார். "தண்ணியை நாளாந்தம் மாத்தினாச் சரி" என்றார். நாளாந்தம் மாற்றினோம். ஆறாவது நாள் காலையில் இரண்டும் மிதந்தன.

"மாமா, நாங்கள் என்ன பிழை செய்தனாங்கள்?" என்று பிள்ளை கேட்டாள். அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. தேடிப் படித்தும், மீன் வளர்ப்பவர்களிடம் கேட்டும், மறுபடி ஒரு தொட்டி வைத்தும் அறிந்துகொண்டவற்றை இங்கே தருகிறேன். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரையும் எங்களுடைய மின்சாரக் கட்டணத்தையும் மனதில் வைத்தே எழுதுகிறேன்.

பிழை எங்கே நடந்தது?

மீனின் கழிவிலும் மிஞ்சிய தீனிலும் இருந்து அமோனியா உருவாகின்றது. அது மீனுக்கு நஞ்சு. ஒருவகைப் பக்ரீரியா அதை நைத்திரைற்றாகவும், இன்னொரு வகை அதனை நைத்திரேற்றாகவும் மாற்றும். நைத்திரைற்றும் நஞ்சுதான். நைத்திரேற்றை மீன்கள் ஓரளவு தாங்கும். இந்தப் பக்ரீரியாக்கள் புதிய தொட்டியில் போதியளவு பெருக நான்கு தொடக்கம் ஆறு கிழமைகள் எடுக்கும். நாங்கள் ஆறு நாட்கூடக் காத்திருக்கவில்லை. பில்ரரும் இல்லாததால் பக்ரீரியா குடியிருக்க இடமும் இருக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. குடாநாட்டின் நிலத்தடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். அதனால் கிணற்று நீர் பெரும்பாலும் வன்னீர், காரத்தன்மை கூடியது. காரத்தன்மை கூடக்கூட அதேயளவு அமோனியாவின் நஞ்சும் கூடும். ஆகவே மென்னீர் உள்ள ஊர்க்காரர் தப்பிவிடும் பிழைக்கு இங்கே மீன் செத்துவிடும்.

தொட்டி: சின்னது மலிவல்ல

புதிதாகத் தொடங்குபவர்கள் சின்னத் தொட்டியே இலகு என்று நினைக்கிறார்கள். தண்ணீர் குறையக் குறைய அழுக்கு விரைவாகச் செறியும், வெப்பநிலையும் சடுதியாக மாறும். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் உள்ள தொட்டி நல்ல தொடக்கம். அது சுமார் 56 லீற்றர் கொள்ளும். கண்ணாடி 5 மில்லிமீற்றருக்குக் குறையாமல் இருக்கட்டும்.

பாவித்த தொட்டி கிடைத்தால் பணம் மிச்சம். மூலைகளில் உள்ள சிலிக்கன் உரிகிறதா, கண்ணாடி விளிம்பு உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். முற்றத்தில் சமமான இடத்தில் வைத்து, விளிம்புவரை நீர் நிரப்பி, இரண்டு நாள் விடுங்கள். கசியாவிட்டால் வீட்டுக்குள் கொண்டு போகலாம்.

தண்ணீர், மணல், கண்ணாடி எல்லாம் சேர்ந்து பாரம் 70 கிலோவை நெருங்கும். பிளாஸ்ரிக் மேசை தாங்காது. சீமெந்துக் கல் அடுக்கி மேலே தடித்த பலகை போட்டால் போதும். பலகைக்கும் தொட்டிக்கும் இடையில் ஒரு ரிஜிபோம் தகடு வையுங்கள். மேடுபள்ளத்தை அது ஏந்திக்கொள்ளும். யன்னல் வெயில் படும் இடம் வேண்டாம். பாசி பிடிக்கும், தண்ணீரும் சூடாகும்.

பில்ரர்: இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்

விலை குறைந்ததும் நம்பக்கூடியதும் ஸ்பொஞ் பில்ரர். ஒரு எயார் பம்ப் காற்றை ஊத, தண்ணீர் ஸ்பொஞ்சுக்குள்ளால் இழுபடும். அழுக்கு அதில் தங்கும், பக்ரீரியாவும் அங்கேயே குடியேறும். மீனுக்கு ஒட்சிசனும் கிடைக்கும். கப்பிக் குஞ்சுகள் உள்ளே இழுபடவும் மாட்டா.

கூடவே ஒரு சிறிய பொருள் வாங்குங்கள்: காற்றுக் குழாயில் பொருத்தும் ஒருவழி வால்வு. மின்சாரம் நின்றால் தொட்டித் தண்ணீர் குழாய் வழியே திரும்பி வந்து பம்பைப் பழுதாக்கும், நிலத்தையும் நனைக்கும். வால்வு கிடைக்காவிட்டால் பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை மின் வெட்டப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். நீண்ட மின்வெட்டின்போது தீன் போடாதீர்கள். கோப்பையால் தண்ணீரை அள்ளி உயரத்தில் இருந்து இடைக்கிடை ஊற்றுங்கள், காற்றுக் கலக்கும். பவர் பாங்கில் ஓடும் சிறிய எயார் பம்புகளும் கிடைக்கின்றன.

மின்சாரக் கணக்கு

3 வொற் எயார் பம்ப் ஒரு மாதம் இரவுபகலாக ஓடினால் சுமார் 2 அலகு. 8 வொற் எல்ஈடி விளக்கு நாளுக்கு 7 மணித்தியாலம் எரிந்தால் இரண்டு அலகுக்கும் குறைவு. 50 வொற் ஹீற்றர் நாளில் பாதி நேரம் வேலை செய்தால் 18 அலகு. எங்களுடைய கட்டணம் அலகுப் படிகளில் ஏறுவதால், இந்த 18 அலகு உங்களை அடுத்த படிக்குத் தள்ளக்கூடும். எங்கள் காலநிலையில் கப்பி, மொலி போன்ற மீன்களுக்கு ஹீற்றர் தேவையே இல்லை.

தண்ணீரும் மணலும்

கிணற்று நீரை வாளியில் எடுத்து ஒரு இரவு விட்டுப் பாவியுங்கள். குளோரின் போட்ட கிணறு அல்லது குழாய் நீர் என்றால் 24 மணித்தியாலமாவது திறந்து வையுங்கள். காற்றூதினால் இன்னும் நல்லது.

தோட்டச் செய்கை கூடிய வலிகாமம் பகுதிக் கிணறுகளில் பசளை காரணமாக நைத்திரேற்று கூடுதலாக இருப்பது தெரிந்ததே. அங்கே தண்ணீர் மாற்றுவதால் மட்டும் நைத்திரேற்று குறையாது. வேகமாக வளரும் நீர்த்தாவரங்கள் அதை உறிஞ்சும். காசில்லாத வழி, ஒரு மணி பிளான்ற் கொடியின் வேர் மட்டும் தண்ணீரில் நிற்கும்படி வைப்பது.

ஆற்று மணலைத் தெளிந்த நீர் வரும்வரை கழுவி ஒரு அங்குலம் போட்டால் போதும். கடற்கரை மணலில் சிப்பித்தூள் இருக்கும். வன்னீரை மேலும் வன்மையாக்கும்.

மீன் கடைசியில்

தொட்டியை நிரப்பி, பில்ரரை ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை தீன் மட்டும் போட்டு நான்கு தொடக்கம் ஆறு கிழமை காத்திருங்கள். மீன் வளர்க்கும் நண்பரின் தொட்டியில் ஓடிய பழைய ஸ்பொஞ் ஒன்றைக் காயவிடாமல் கொண்டுவந்து போட்டால் இந்தக் காலம் நன்றாகக் குறையும்.

வன்னீருக்கு ஏற்றவை கப்பி, மொலி, பிளற்றி, சுவோர்ட்டெயில். கிணறு கொஞ்சம் உவர் என்றால் மொலி தாங்கும். முதலில் மூன்று மீன், இரண்டு கிழமைக்குப் பிறகு இன்னும் மூன்று. குஞ்சுகள் பெருக வேண்டாம் என்றால் ஆண் மீன்களை மட்டும் எடுங்கள். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் உடனே பாதித் தண்ணீரை மாற்றுங்கள்.

பின்னர் கிழமைக்கு ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்றினால் போதும். ஸ்பொஞ்சை வெளியே எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே பிழியுங்கள். குளோரின் தண்ணீரில் கழுவினால் பக்ரீரியா செத்துவிடும்.

"டாங்க் கிளீனர்" என்று விற்கும் மீன் ஒரு அடிக்கு மேல் வளரும். சின்னத் தொட்டிக்கு உதவாது. எந்த மீனையும் குளத்திலோ வாய்க்காலிலோ விடாதீர்கள். அப்படி விடப்பட்ட மீன்கள் இலங்கையின் நீர்நிலைகளில் பெருகி உள்ளூர் மீன்களுக்குக் கேடாகியிருக்கின்றன.

பணத்தைச் செலவிடும் வரிசை

1. தொட்டி, உறுதியான அடித்தளம்
2. எயார் பம்ப், ஸ்பொஞ் பில்ரர், ஒருவழி வால்வு
3. மூடி (வலை போதும்; மீன் பாயாது, பூனை தொடாது)
4. தொட்டிக்கென்றே ஒரு வாளி, ஒரு குழாய்
5. சிறிய எல்ஈடி விளக்கு, தாவரம்
6. மீன்

வாங்கத் தேவையில்லாதவை: கலர் கல்லு, பிளாஸ்ரிக் மாளிகை, ஹீற்றர், வட்டக் கிண்ணம்.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு வெளியேறியபோது எனக்கு ஐந்து வயது. அதற்குப் பிறகு அப்பா வீட்டுக்கு எந்தப் பொருள் வாங்கினாலும் ஒரே அளவுகோல்தான்: "சைக்கிளில கட்டேலாத சாமான் ஒண்டும் வேண்டாம்." திரும்பி வந்து எத்தனையோ வருடமான பிறகும் அது மாறவில்லை. 70 கிலோப் பாரத்தை விறாந்தையில் வைக்கப் போகிறேன் என்றபோதும் அதையே சொன்னார். நான் பதில் சொல்லவில்லை.

பலகையைச் சமப்படுத்த ரசமட்டம் எடுத்து வந்தது அப்பாதான். இப்போது காலையில் தேத்தண்ணியோடு தொட்டிக்கு முன்னால் கதிரையைப் போட்டுக்கொள்கிறார். மருமகள் வந்தால் இருவருமாகக் குஞ்சுகளை எண்ணுகிறார்கள். கணக்கு ஒருநாளும் ஒத்துவருவதில்லை.