கைராசியும் குழாயும்

1791 மார்ச்சில் பெங்களூருக் கோட்டையை ஆங்கிலேயர் பிடித்தார்கள். அந்த மைசூர்ப் போரில் அவர்களுக்கு மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி, திப்புவின் ஆட்களிடம் சிக்கி மூக்கை இழந்தார். புனே பக்கத்தில் செங்கல் செய்வோர் குலத்தைச் சேர்ந்த ஒருவர் நெற்றித் தோலைத் திருப்பி அவருக்கு மூக்கு வைத்தார். 1794 அக்டோபரில் லண்டனின் ‘ஜென்டில்மேன்ஸ் மேகசின்’ இதைப் படத்தோடு வெளியிட்டது. அளவெடுக்க மெழுகுத் தகடு, அறுக்க சவரக் கத்தி, ஒட்டக் காசுக்கட்டிப் பசை, அவ்வளவுதான் கருவிகள். புருவங்களுக்கு நடுவே ஒரு துண்டுத் தோலை அறுக்காமல் விட்டால்தான் ரத்தம் ஓடி மூக்கு பிழைக்கும் என்பதே அந்தச் செங்கல்காரருக்குத் தெரிந்த வித்தை. அதைப் படித்துவிட்டுப் பிணங்களில் பழகிய ஆங்கில சர்ஜன் கார்ப்யூ, 1814இல்தான் லண்டனில் ஓர் ஆளின் மூக்கில் கை வைத்தார். இன்று அதே பெங்களூரில் உடல் கொழுப்பை நீக்கிக்கொள்ளப் போகிறவர்கள் முதலில் விசாரிப்பது லேசர் கருவியா, வேசர் கருவியா என்றுதான். மருத்துவரின் கையைப் பற்றிய கேள்வி பின்னால் வருகிறது, அல்லது வருவதே இல்லை.

கருவி பொருட்டே இல்லை என்று சொல்ல வரவில்லை. 1920களில் பாரிஸில் சர்ஜன் துஜாரியே ஒரு நடனக்காரியின் காலிலிருந்து கொழுப்பைச் சுரண்டி எடுக்கப்போய், ரத்தக்குழாய் சேதமாகிக் காலையே வெட்ட நேர்ந்தது. 1970களில் ரோமில் ஃபிஷர்கள், தந்தையும் மகனும், உறிஞ்சும் குழாயைக் கொண்டுவந்தார்கள். பிரெஞ்சு மருத்துவர் இல்லூஸ் அதன் முனையை மழுக்கினார். நரம்பும் நாளமும் தப்பின. 1980களில் கலிபோர்னியாவின் தோல் மருத்துவர் க்ளைன், மரப்பு மருந்தும் அட்ரினலினும் கலந்த உப்புநீரைக் கொழுப்புக்குள் நிரம்பச் செலுத்தினார். ரத்தப்போக்கு வெகுவாகக் குறைந்தது, முழு மயக்கம் இல்லாமலே வேலை முடிந்தது. இவை மெய்யான முன்னேற்றங்கள்.

ஆனால் இந்தக் கருவிகளெல்லாம் கைக்கு வந்த பிறகு நடந்ததையும் பார்க்க வேண்டும். க்ளைன் முறையில் சிகிச்சை பெற்ற 15,336 பேரைப் பற்றி அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் 1995இல் வெளியிட்ட கணக்கில் ஒரு சாவுகூட இல்லை. பிளாஸ்டிக் சர்ஜன்களிடம் திரட்டி 2000இல் வெளியான இன்னொரு அமெரிக்கக் கணக்கிலோ, 1994 முதல் 1998 வரை ஏறக்குறைய 5,000 அறுவைக்கு ஒருவர் இறந்திருக்கிறார். அப்படியானால் சர்ஜனை நம்புவதும் வீண்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, பலகையில் எழுதிய பட்டம் மட்டும் போதாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். முதல் கணக்கில் உள்ளவர்கள் அந்தந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து, குறைந்த அளவே எடுத்துக்கொண்டவர்கள். ஒரே நாளில் லிட்டர் கணக்கில் எடுப்பது, முழு மயக்கம், வேறு அறுவையையும் சேர்த்துச் செய்வது என்று போனால் ஆபத்து ஏறுகிறது. 2000 கணக்கில் முதன்மையான காரணம் ரத்தக்கட்டி நுரையீரலை அடைத்தது. எங்கே நிறுத்துவது என்று எந்த இயந்திரமும் சொல்வதில்லை. அதைத் தெரிந்து நிறுத்துகிறவரைத்தான் கைராசிக்காரர் என்கிறேன், அதிர்ஷ்டக்காரரை அல்ல. 2022 மே மாதம் பெங்களூரில் கன்னடத் தொடர்களில் நடித்த 21 வயதுப் பெண் கொழுப்பு நீக்க அறுவைக்குப் பின் இறந்தார். அப்போதும் பேச்செல்லாம் மருத்துவரின் கவனத்தையும் அவசர வசதிகளையும் பற்றித்தான் இருந்தது. எந்தக் கம்பெனி மெஷின் என்று யாரும் கேட்கவில்லை.

கத்தியே படாத முறை இருக்கும்போது சர்ஜன் எதற்கு என்பது கடைசி ஆட்சேபம். கொழுப்பை உறைய வைக்கும் கருவிக்கு 2010இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இடுப்போரம் கொஞ்சம் பிதுங்குகிறவருக்கு அது போதும். பெரும்பாலோருக்குத் தொந்தரவும் இல்லை. அரிதாகச் சிலருக்கு மட்டும் உறைய வைத்த இடத்திலேயே கொழுப்பு கெட்டிப்பட்டுப் பெருகிவிடுகிறது. 2014இல் மருத்துவ இதழில் பதிவான இந்த விளைவு தனக்கு நேர்ந்ததாக மாடல் லிண்டா எவாஞ்சலிஸ்டா 2021இல் வெளிப்படையாகச் சொன்னார். அது தானாகக் கரைவதில்லை. எடுக்க வேண்டுமானால் பெரும்பாலும் அறுவை அரங்குக்குத்தான் போக வேண்டும், இல்லூஸ் முனை மழுக்கிய அதே குழாயிடம்.