கரிசலின் ஊட்டக் கணக்கு: விருதுநகர் வட்டாரத்தில் வரவும் செலவும்

பயிர்நிலத்திற்குள் வரும் தழை, மணி, சாம்பல் சத்துகளையும் விளைச்சலோடு வெளியேறும் சத்துகளையும் நேர்நிறுத்திப் பார்ப்பதே ஊட்டச் சமநிலைக் கணக்கு. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு 1961 முதலான ஆண்டுகளுக்கு இக்கணக்கை நாடுவாரியாக வெளியிடுகிறது. செயற்கை உரம், கால்நடை எரு, பயறுவகைகள் காற்றிலிருந்து நிலைநிறுத்தும் நைட்ரஜன், வளிமண்டலத்திலிருந்து படிவது ஆகியவை வரவு, அறுவடை செலவு. செலவை வரவால் வகுத்தால் பயன்திறன் கிடைக்கும். உலக அளவில் நிலத்தில் சேரும் நைட்ரஜனில் ஏறத்தாழப் பாதியே விளைபொருளைச் சென்றடைகிறது. இந்த எண் உயர்வது நன்மை என்பது பொதுக்கருத்து. வானம் பார்த்த கரிசல் நிலத்தில் அது மண் தன் முதலை இழப்பதன் அறிகுறியாகவும் இருக்கலாம் என்பதை விருதுநகர் வட்டாரத்தின் வேளாண் வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

விருதுபட்டி, சாத்தூர், அருப்புக்கோட்டை, கோவில்பட்டி ஆகிய ஊர்களைச் சுற்றிய கரிசலில் பருத்தியே நெடுங்காலம் பணப்பயிர். 1861–65இல் நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போர் அதன் விலையை உயர்த்தியது. 1876இல் மதுரை – தூத்துக்குடி இருப்புப்பாதை அதைத் துறைமுகத்தோடு இணைத்தது. 'டின்னவெல்லி' என்ற வணிகப் பெயரில் பஞ்சு கடல் கடந்தது. இவ்வளவு பஞ்சு வெளியேறியும் மண் உடனே வறண்டுவிடாததற்குக் காரணம் பயிரின் இயல்பிலேயே உள்ளது. பஞ்சு பெரும்பாலும் செல்லுலோசு. அதில் தழைச்சத்தோ மணிச்சத்தோ மிகக் குறைவு. சத்து முழுவதும் கொட்டையில் தங்குகிறது. கொட்டை மாட்டுக்குத் தீவனமாயிற்று. சாணம் குப்பைக்குழி வழியே நிலம் சேர்ந்தது. பருத்திமார் அடுப்பெரிந்து சாம்பலாகத் திரும்பியது. கொட்டை நீக்காத பருத்தியே நகரத்து அரவை ஆலைக்குப் போய், கொட்டை எண்ணெய் ஆலைக்குத் திரும்பியபோதுதான் கணக்கில் ஓட்டை விழுந்தது. வரலாற்று நூல்கள் பருத்தியின் விலையைப் பேசுகின்றன. கொட்டை எங்கே போயிற்று என்று கேட்பதில்லை.

பருத்தியைத் தவிர, கிடை போடுதலும் கரம்பை அடித்தலும் இவ்வட்டாரத்தின் வரவுகளாக இருந்தன. பகலில் தரிசிலும் புறம்போக்கிலும் மேய்ந்த ஆடுகள் இரவில் உழவரின் நிலத்தில் அடைக்கப்பட்டன. மேய்ச்சல் நிலத்தின் சத்து விளைநிலத்திற்கு இடம்பெயர்ந்தது. கோடையில் கண்மாயில் வெட்டிய கரம்பை செவல் நிலங்களுக்கு வண்டியேறியது. மழை அடித்துச் சென்ற மேல்மண் இவ்வாறு வீடு திரும்பியது. நாடளாவிய அட்டவணையில் கிடையின் புழுக்கை கால்நடைத் தொகைச் சராசரிக்குள் கரைந்துவிடுகிறது. கண்மாய் வண்டலுக்கோ வரியே இல்லை.

சத்து வெளியேற்றத்தைப் பற்றிய அறிவியல் கவலை புதியதன்று. 1889இல் இந்தியா வந்த வேதியியலாளர் வோல்க்கர், 1893இல் வெளியான தம் அறிக்கையில், விறகின்மையால் சாணம் எரிக்கப்படுவதையும் எலும்பும் எண்ணெய்வித்தும் ஏற்றுமதியாவதையும் மண்ணின் இழப்பாகக் கருதினார். கோவில்பட்டியில் 1901இல் ஆராய்ச்சிப் பண்ணை தோன்றியது. கோயம்புத்தூரில் 1909இல் நிரந்தர எருவிடு சோதனை தொடங்கிற்று; கோவில்பட்டியின் மானாவாரிக் கரிசலில் அத்தகைய நெடுங்காலச் சோதனை 1982இல்தான் தொடங்கப்பட்டது. இந்த 73 ஆண்டு இடைவெளி, மானாவாரி நிலம் ஆய்வுத் திட்டங்களில் பெற்ற இடத்தைச் சொல்லாமல் சொல்கிறது.

வடகிழக்குப் பருவமழை பொய்த்தால் இட்ட உரம் வீண். ஆகவே மானாவாரி உழவர் குறைவாகவே உரமிடுகிறார். எடுத்துக்காட்டாக, எக்டேருக்கு 20 கிலோ நைட்ரஜன் வரவாகி 24 கிலோ அறுவடையில் வெளியேறினால் பயன்திறன் 120 விழுக்காடு. அட்டவணையில் இது சிறப்பாகத் தோன்றும். உண்மையில் 4 கிலோ மண்ணின் இருப்பிலிருந்து போயிற்று. ஐரோப்பிய நைட்ரஜன் வல்லுநர் குழு 2015இல் 90 விழுக்காட்டிற்கு மேற்பட்ட பயன்திறனை மண்வளச் சுரண்டலின் எச்சரிக்கையாகவே வகுத்தது. சாம்பல்சத்தில் நிலைமை இன்னும் மறைவானது. 1992இல் மணி, சாம்பல் உரங்களின் விலைக்கட்டுப்பாடு நீக்கப்பட்டது. யூரியா மட்டும் கட்டுப்பாட்டில் நீடித்தது. 2010இல் வந்த ஊட்டச்சத்து அடிப்படை மானியமும் யூரியாவைத் தொடவில்லை. கரிசல் இயல்பிலேயே சாம்பல்சத்து மிகுந்தது என்பதால் அதன் பற்றாக்குறை பயிரில் விரைவில் வெளிப்படுவதில்லை. எடுத்தல் மட்டும் ஆண்டுதோறும் நடக்கிறது.

இதே வட்டாரத்தின் மறுபக்கம் சிவகாசி. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தனர். பின்னர் பட்டாசு வளர்ந்தது. வேளாண்மையைத் தளரச் செய்த வறட்சியே இத்தொழில்களுக்கு உதவிற்று. வெடியுப்பு எனப்படும் பொட்டாசியம் நைட்ரேட்டு உரமும் ஆகும்: 13 விழுக்காடு தழைச்சத்து, ஏறத்தாழ 45 விழுக்காடு சாம்பல்சத்து. மரபான கருமருந்தில் நான்கில் மூன்று பங்கு வெடியுப்பே. 100 கிலோவில் சுமார் 10 கிலோ நைட்ரஜன் உண்டு. வெடித்தபின் அதில் பெரும்பகுதி பயிருக்கு உதவாத வளியாகக் காற்றில் கலக்கிறது. சாம்பல்சத்து உரத்திற்கு ஏறக்குறைய முற்றிலும் இறக்குமதியை நம்பும் நாட்டில் இது சிந்திக்கத்தக்க முரண். எனினும் மண்வளக் குறைவுக்குப் பட்டாசைக் காரணமாக்குவது மிகை. கூலியாட்களை ஆலைகள் ஈர்த்தபோது குப்பை அள்ளவும் கரம்பை வெட்டவும் ஆள் அருகியதே வேளாண்மைக்கு நேர்ந்த பெரிய இழப்பு எனக் கருதலாம்.

வட்டார அளவில் இக்கணக்கை எழுத விரும்பும் ஆய்வாளருக்குத் தேவையான சான்றுகள் அட்டவணைகளுக்கு வெளியே உள்ளன: அரவை ஆலைகளின் கொட்டை விற்பனைப் பதிவுகள், கிடைக்காரர்களின் வாய்மொழி, கண்மாய் வண்டலை உழவர் கட்டணமின்றி எடுக்கத் தமிழக அரசு 2017இல் இசைந்த பின் வழங்கப்பட்ட அனுமதிகள். நிலப்பரப்பைப் பொறுத்து வண்டலின் அளவை வரையறுக்கும் அந்த அனுமதிகளிலிருந்து, எந்தக் கண்மாயின் மண் எந்த நிலத்திற்குச் சென்றது என்பதை ஊர்வாரியாகத் தொகுக்க இயலும்.