பற்சக்கர அடுக்கு (மிதிவண்டி)

பற்சக்கர அடுக்கு என்பது கியர் மிதிவண்டியின் பின்சக்கர அச்சில் சிறியது முதல் பெரியது வரை வரிசையாகப் பொருத்தப்படும் பற்சக்கரங்களின் தொகுதி ஆகும். இது கேசட் எனவும் அழைக்கப்படுகிறது. அடுத்தடுத்த சக்கரங்களுக்கிடையே எத்தனை பல் வேறுபாடு தேவை என்பதே இதைத் தெரிவு செய்வதில் எழும் முதன்மையான கேள்வி.

இவ்வேறுபாட்டை விழுக்காட்டில் அளப்பதே பொருத்தமானது. வண்டியின் வேகம் மாறாதிருக்க, 11 பல்லிலிருந்து 12க்கு மாறினால் மிதிக்கும் வேகம் சுமார் 9% கூடும்; 25இலிருந்து 26க்கு மாறினால் 4% மட்டுமே. எனவே பெரிய சக்கரங்களுக்கிடையே இரண்டு, மூன்று பல் இடைவெளி விடுவர். பதினொரு சக்கரங்கள் கொண்ட 11-25 அடுக்கு, 17 வரை ஒவ்வொரு பல்லாக உயர்வது வழக்கம். இது சமவெளிக்கும் எதிர்காற்றுக்கும் ஏற்றது. 11-34 அடுக்கு மலையேற உதவும். ஆனால் அதில் பெரும்பாலும் 11ஐ அடுத்து வருவது 13. அந்த 18% தாவலில் காலின் சீரான தாளம் தடுமாறும்.

பெரும்பாலும் சமவெளியான புதுக்கோட்டை மாவட்டத்திற்கு நெருக்கமான அடுக்கே போதும். இம்மாவட்டத்தின் புகழ்பெற்ற மிதிவண்டி வரலாறோ ஒற்றைப் பற்சக்கரத்தில் நிகழ்ந்தது. 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தின்போது, அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தால் பல்லாயிரம் ஊரகப் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். முன்னே 44, பின்னே 18 பல் கொண்ட சாதாரண வண்டி ஒரு மிதிச் சுற்றுக்கு ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் நகரும். தண்ணீர்க் குடம் ஏற்றினாலும் அதே விகிதம்தான். மேடு வந்தால் இறங்கித் தள்ள வேண்டும். பெண்களுக்கான வண்டிகள் போதாதபோது ஆண்களுக்கான வண்டிகளையே ஓட்டினர். குறுக்குக் கம்பியில் குழந்தையை அமர்த்தலாம் என்பதால் அவற்றையே விரும்பியோரும் உண்டு.