ரெட்டினோபிளாஸ்டோமா

குழந்தைகளின் விழித்திரையில் தோன்றும் அரிய புற்றுநோய். பெரும்பாலும் 5 வயதுக்குள் வெளிப்படும். மரபுவழி வகை, மரபுவழியற்ற வகை என இருவகைப்படும். இரு கண்களிலும் வருவது மரபுவழி வகையே. கண்மணியில் தெரியும் வெண்ணிற ஒளிர்வு முதன்மை அறிகுறி. பெற்றோர் பலர் இதை முதலில் ஒளிப்படத்தில்தான் காண்கின்றனர். மாறுகண்ணும் அறிகுறியாகலாம்.

13ஆம் குரோமோசோமிலுள்ள ஆர்பி1 மரபணுவின் இரு படிகளும் செயலிழப்பதே பெரும்பாலும் காரணம். இந்நோயை ஆராய்ந்து ஆல்பிரட் நட்சன் 1971இல் முன்வைத்த, இரு மரபணு மாற்றங்கள் தேவை என்னும் ‘இரு அடி’க் கருதுகோள் புற்றுநோய் மரபியலின் போக்கையே மாற்றியது. 1986இல் பிரித்தெடுக்கப்பட்ட ஆர்பி1, கட்டியடக்கி மரபணுக்களில் முதலாவது.

கீமோதெரபி, லேசர், உறைசிகிச்சை, தேவைப்படின் கண்ணை அகற்றுதல் ஆகியன சிகிச்சை முறைகள். கண் அகற்றப்பட்டோருக்குச் செயற்கைக் கண் பொருத்துதலும், குடும்பத்துக்கான மரபியல் ஆலோசனையும் இவற்றிலிருந்து பிரிக்க முடியாதவை. மரபுவழி வகையில், பின்னர் பிறக்கும் உடன்பிறப்புகளின் கண்களைப் பிறந்தவுடனேயே பரிசோதித்தல் வேண்டும்.