கோமுகியும் கொட்டியாரமும்

கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகியிலே கப்பல் ஓடாது. ஆனால் அதன் நீர் வெள்ளாற்றோடு கலந்து பரங்கிப்பேட்டையில் கடலைச் சேருகிறது. அந்தப் பட்டினத்து வியாபாரிகள் துணிச் சரக்குடன் இலங்கைக் கொட்டியாரத்துக்குச் சென்ற கப்பல் 'ஆன்'; 1659-ஆம் ஆண்டுப் புயலில் பாய்மரம் முறிந்த இங்கிலீஷ் கப்பல். சரக்கு இறங்கியது. புது மரம் நாட்டுவதற்குள், கரையிறங்கிய மாலுமிகள் 16 பேரைக் கண்டியரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் 1660-ல் சிறைபிடித்தார்கள். கப்பல் தலைவர் அங்கேயே மாண்டார். 19 வயது மகன் ராபர்ட் நாக்ஸ், தொப்பி பின்னி விற்றும் ஊர் ஊராய்ச் சுற்றியும் தீவின் வழிகளை அறிந்து, 1679-ல் அரிப்பிலிருந்த டச்சுக் கோட்டைக்குத் தப்பினான். 1681-ல் அவன் இலங்கையைப் பற்றி எழுதிய நூல் லண்டனில் வெளிவந்தது.

நம்மவருக்கு அந்தக் கரை சந்தை, அவனுக்கோ சிறை. சந்தைக்குப் போனவர் கணக்கு முடித்துத் திரும்புவார், சிறைப்பட்டவன் எழுதினான். பரங்கிப்பேட்டையார் அக்கப்பலில் போன செய்தியும் அவன் எழுத்தினால்தான் நமக்குக் கிடைத்தது!