சாயம் போகும் சாரம்

எங்க ஊர்ல லுங்கிக்குப் பேர் சாரம். சுரண்டை காய்கறிச் சந்தையில் விடியக்காலம் மூட்டை இறக்குகிற அண்ணாச்சிமாரில் இருந்து, சீசனுக்குக் குற்றாலம் போய்த் தலையில் எண்ணெயோடு அருவிக்கு வரிசையில் நிற்கிறவர்கள் வரைக்கும், பாதிப் பேர் இடுப்பில் அதுதான் இருக்கும். நீலம், சிவப்பு, பச்சை, ஊடே ஒரு மஞ்சள் கோடு. கட்டம் கட்டமாக.

புதுச் சாரம் வாங்கி வந்தால் அம்மா விலையைக் கேட்கமாட்டாள். "தனியா நனைச்சியால? சாயம் போவும்" என்பாள். வாளித் தண்ணீரில் ஒரு கை கல்லுப்பு போட்டு, ராத்திரி முழுக்க ஊறவைத்து, காலையில் நீலமாகிப்போன தண்ணீரை வாசலில் கொட்டினால்தான் அந்தச் சாரம் வீட்டுத் துணிகளோடு சேரலாம். இதை யாரும் எங்களுக்குத் தனியாகச் சொல்லித் தந்ததில்லை. பார்த்துப் பார்த்தே தெரிந்துகொண்டோம்.

போன வருஷம் அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா மகன் ஒரு படம் அனுப்பினான். கோல்ஃப் ஆடுகிறவர்களுக்கான கால்சட்டை. நீலம், சிவப்பு, மஞ்சள் கட்டங்கள். விலை 100 டாலருக்கு மேல். துணியின் பெயர் 'மெட்ராஸ்'. கீழே அவன் எழுதியிருந்தது ஒரே வரி: "எண்ணே, இது பெரியப்பா சாரம்லா?"

சாரமேதான். 300 ரூபாய்க்கு வாங்கி, நைந்த பிறகு கிழித்துச் சைக்கிள் துடைக்கிற துணி, புல்வெளியில் பந்தடிப்பவர்களின் காலில் ஏறியது எப்படி என்று தேடினால் கதை நானூறு வருஷம் பின்னால் போகிறது.

1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே சோழமண்டலக் கரையில் இடம் பார்த்தபோது, அவரை இழுத்தது துறைமுகம் அல்ல. அங்கே நல்ல துறைமுகமே கிடையாது. மற்ற இடங்களைவிடத் துணி அங்கே 20 சதவீதம் மலிவு என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். சென்னை என்ற நகரமே அந்த மலிவின் மேல் எழுந்ததுதான். 1730-களில் கம்பெனி நெசவாளர்களைக் கூட்டிவந்து குடியமர்த்திய இடம் சிந்தாதிரிப்பேட்டை. சின்னத்தறிப்பேட்டைதான் அப்படித் திரிந்தது என்பார்கள்.

அங்கிருந்து கப்பல் ஏறிய துணிகளில் ஒன்று கட்டம் போட்ட கைக்குட்டைத் துணி. ஒரே நீளமாக நெய்து, சதுரம் சதுரமாக வெட்டி விற்பார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் அதற்குப் பெரிய சந்தை இருந்தது. இன்றைய நைஜீரியாவின் கலபாரி மக்கள் அதை 'இஞ்சிரி' என்கிறார்கள். அவர்களுக்குப் பிறப்புக்கும் இறப்புக்கும் அந்தத் துணி வேண்டும். அதே ஆப்பிரிக்கக் கரையில் ஐரோப்பிய வணிகர்கள் மனிதர்களை வாங்கியபோது இந்தியத் துணிதான் பணமாகக் கைமாறியது. நம் தறியில் விழுந்த ஊடையில் அந்தக் கறையும் உண்டு. அதை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

அடிமைகளாகக் கரீபியத் தீவுகளுக்குப் போனவர்களின் தலையிலும் இந்தக் கட்டத்துணி ஏறியது. 1786-இல் ஸ்பானியர் ஆட்சியில் இருந்த லூசியானாவில் ஆளுநர் மிரோ ஓர் ஆணை போட்டார்: கறுப்பினப் பெண்கள் சிகையலங்காரம் காட்டக்கூடாது, தலையைத் துணியால் மூடவேண்டும். அந்தப் பெண்கள் மூடினார்கள். மெட்ராஸ் கட்டத்துணியை விதவிதமாக முடிந்து, நகை செருகி, ஊரே திரும்பிப் பார்க்கும்படி மூடினார்கள். தாழ்த்துவதற்காகப் போட்ட துணி தலைப்பாகையாகிவிட்டது. செயின்ட் லூசியாவிலும் டொமினிக்காவிலும் இன்று தேசிய உடையே மெட்ராஸ் துணிதான்.

1930-களில் அந்தத் தீவுகளுக்குக் குளிர்காலத்தில் விடுமுறை போன அமெரிக்கப் பணக்காரர்கள் அங்கே கட்டம் போட்ட சட்டையும் அரைக்கால்சட்டையும் வாங்கி ஊருக்குத் திரும்பினார்கள். 'நான் குளிருக்குத் தீவுக்குப் போய்வந்தவன்' என்று வாய்விட்டுச் சொல்லாமல் சொல்வதற்கு அது வசதியாக இருந்தது. துணி அதே துணிதான். அதன் சேதிதான் மாறிவிட்டது.

அப்புறம் 1958. கண்ணூர்க்காரரான கேப்டன் சி.பி. கிருஷ்ணன் நாயர் கைத்தறித் துணி ஏற்றுமதி செய்துகொண்டிருந்தார். வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க இறக்குமதியாளர் மெட்ராஸ் துணியைப் பார்த்து, கஜம் ஒரு டாலர் விலையில் வாங்கினார். அன்றைய கணக்கில் கஜம் 4 ரூபாய் 76 பைசா. நாயர் அவரிடம் சொன்னது ஒன்றுதான்: குளிர்ந்த தண்ணீரில் பதமாக அலசணும், சாயம் போகும். பத்தாயிரம் கஜம் நியூயார்க்கின் புரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தச் சொல் மட்டும் போய்ச் சேரவில்லை. வாங்கியவர்கள் சலவை இயந்திரத்தில் போட்டார்கள். வெள்ளைச் சட்டையெல்லாம் நீலமும் சிவப்புமாக வெளியே வந்தது.

எங்க அம்மா அங்கே இருந்திருந்தால் ஒரு கை கல்லுப்போடு விஷயம் முடிந்திருக்கும்.

வழக்குப் போடுவோம் என்று மிரட்டல் வந்தது. நாயர் அமெரிக்காவுக்கே போனார். அங்கே 'செவன்டீன்' என்ற இளம்பெண்களுக்கான பத்திரிகையில் இந்தத் துணியைப் பற்றிப் பக்கம் பக்கமாக வந்தது. இந்தியாவில் கையால் நெய்த அதிசயத் துணி, ஒவ்வொரு தடவை அலசும்போதும் நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று கசிந்து புதிதாகும் என்று. குறை என்று திரும்பி வந்த சரக்கு, குணம் என்ற பெயரில் மறுபடி விற்றது. 'சாயம் போகும், உத்தரவாதம்' என்றே விளம்பரம் செய்தார்கள். பல்கலைக்கழக மாணவர்கள் உடுத்தினார்கள்; பிறகு அவர்களின் அப்பாக்கள் அதைப் போட்டுக்கொண்டு கோல்ஃப் மைதானத்துக்கு வந்தார்கள். நாயர் பின்னாளில் மனைவி பெயரில் லீலா ஹோட்டல்களைக் கட்டினார். தறியில் இருந்தவர்கள் பெயர் எந்தக் கட்டத்திலும் இல்லை.

கோல்ஃப் மைதானம் விசித்திரமான இடம். காலர் இல்லாத சட்டைக்கு அனுமதி இல்லை. அமெரிக்கத் தொழில்முறைப் போட்டிகளில் ஆண்கள் பயிற்சி ஆட்டத்தில் அரைக்கால்சட்டை போடவே 2019-இல்தான் ஒத்துக்கொண்டார்கள். இத்தனை கறாருக்கு நடுவில், அலுவலகத்துக்குப் போடமுடியாத கண்ணைப் பறிக்கும் கட்டங்களுக்கு மட்டும் இடம் உண்டு. காரணம் எளிது என்று நினைக்கிறேன். உழைப்பாளியின் துணியை விளையாட்டாக உடுத்த, தன்னை யாரும் உழைப்பாளி என்று நினைத்துவிடமாட்டார்கள் என்ற நிச்சயம் வேண்டும். சுரண்டையில் மூட்டை தூக்குகிறவருக்கு அந்த நிச்சயம் கிடையாது.

இது வெள்ளைக்காரன் விவகாரம் மட்டுமில்லை. எங்களுக்கு மேற்கே செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்தது. அந்தத் திருவிதாங்கூரின் தெற்கே தோள்சீலைக்காக நாடார் பெண்கள் பல பத்தாண்டுகள் போராடினார்கள். 1859-இல் வந்த அரசாணை உடம்பை மூட அனுமதி தந்தது. முரட்டுத் துணியால் மூடலாம், மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் மூடக்கூடாது. துணியே கூடாது என்பதல்ல பிரச்சினை. யார், எந்த மாதிரி என்பதுதான்.

2014 ஜூலையில் சென்னை சேப்பாக்கத்தில் கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் நடந்த புத்தக வெளியீட்டுக்குப் போன உயர்நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமனை, வேட்டி கட்டியிருந்ததால் வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். அடுத்த மாதமே சட்டமன்றம் சட்டம் போட்டது. வேட்டியையோ மற்ற இந்திய மரபு உடைகளையோ காரணம் காட்டித் தடுத்தால் ஒரு வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். நல்ல சட்டம்தான். ஆனால் அன்று ஊரே பேசியது வெள்ளை வேட்டியைப் பற்றி. சாரம் கட்டிய ஒருவர் அந்த வாசலுக்குப் போயிருந்தால் செய்தியே ஆகியிருக்காது. அவருக்கே போகத் தோன்றியிருக்காது. 2023-இல் கிரேட்டர் நொய்டாவின் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில், லுங்கியும் நைட்டியும் போட்டுக்கொண்டு வளாகத்தில் நடமாட வேண்டாம் என்று சுற்றறிக்கையே ஒட்டினார்கள். அதற்கு ஐந்து வருஷம் முன்னால் ஸாரா நிறுவனம் லுங்கி மாதிரியே ஒரு பாவாடையை 69.99 பவுனுக்கு விற்றிருந்தது.

பக்கத்துக் கடையநல்லூரில் ஒரு காலத்தில் தெருத்தெருவாகத் தறிச்சத்தம் கேட்கும். நெசவு நொடித்தபோது அந்த ஊர்க்காரர்கள் சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் கப்பல் ஏறினார்கள். துணி போன வழியில் நெய்தவர்களும் போனார்கள். துணிக்குக் கிடைத்த மரியாதை அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

படத்தை அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு விலையைப் பார்த்தார். ரூபாயில் சொல்லச் சொன்னார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அவ்வளவு குடுத்து வாங்குதவன் தனியா நனைப்பானால?" என்றார்.

மறுநாள் சென்னைக்குக் கிளம்பும்போது பையில் இரண்டு சாரம் வைத்தேன். வழக்கமாக அறைக்குள் மட்டும் கட்டுவேன். கீழே கடைக்குப் போவதென்றால் கால்சட்டைக்கு மாறிக்கொள்வேன். யாரும் சொல்லாமலே நானே மாறிக்கொள்வேன். இந்தத் தடவை பால் வாங்கச் சாரத்தோடு இறங்கினேன். காவலாளி ஒரு நொடி ஏற இறங்கப் பார்த்தார். அவரும் தெற்கத்திக்காரர்தான் போல. "எந்த ஊரு தம்பி?" என்று கேட்டார்.