விளையாட்டரங்கைத் தற்காலிகச் சிறையாக்குதல்

விளையாட்டரங்கைத் தற்காலிகச் சிறையாக்குதல் என்பது, பெருந்திரளானோர் கைது செய்யப்படும்போது காவல் நிலையங்களிலும் சிறைகளிலும் இடம் போதாத நிலையில், விளையாட்டுக்கெனக் கட்டப்பட்ட அரங்கைக் காவலில் வைக்கும் இடமாக அரசு மாற்றுவதாகும். சுற்றுச்சுவர், குறைவான வாயில்கள், கழிப்பறைகள், பரந்த வெளி ஆகியவை ஒருங்கே அமைந்திருப்பதால் இவ்வரங்குகள் இதற்குத் தேர்ந்தெடுக்கப்படுகின்றன.

சட்ட நிலை

ஓர் இடத்தைக் காவல் நிலையமாக்குவது கட்டிடம் அன்று. மாநில அரசின் அறிவிப்பே ஆகும். சிறைவைக்கும் இடத்தைக் குறிக்கும் அதிகாரமும் மாநில அரசுக்கே உரியது. 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 417ஆம் பிரிவு இவ்வதிகாரத்தை வழங்கியது. சூலை 1, 2024 முதல் அச்சட்டத்திற்கு மாற்றாகப் பாரதிய நாகரிக் சுரக்சா சன்கிதா நடைமுறையில் உள்ளது. எனவே காவல்துறை தானாகவே ஓர் அரங்கைச் சிறையாக அறிவிக்க இயலாது.

தில்லி

தில்லிக் காவல்துறை இந்திய நடுவண் அரசின் உள்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. ஆனால் சிறைகள் தில்லி அரசின் பொறுப்பில் உள்ளன. 2020 நவம்பரில் மூன்று வேளாண் சட்டங்களை எதிர்த்து உழவர்கள் தலைநகரை நோக்கி வந்தபோது, ஒன்பது விளையாட்டரங்குகளைத் தற்காலிகச் சிறைகளாக்கக் காவல்துறை அனுமதி கோரியது. அமைதியாகப் போராடுவது அரசியலமைப்பு வழங்கும் உரிமை எனக் கூறி, நவம்பர் 27 அன்று தில்லி அரசு மறுத்தது. அச்சட்டங்கள் 2021இல் திரும்பப் பெறப்பட்டன. 2024 பெப்ரவரியில் பவானா விளையாட்டரங்கம் குறித்து எழுந்த இதே போன்ற கோரிக்கையும் மறுக்கப்பட்டது.

பிற இடங்கள்

அதே 2024 பெப்ரவரியில் அரியானா மாநிலத்தின் சிர்சா, டப்வாலி ஆகிய ஊர்களின் விளையாட்டரங்குகள் தற்காலிகச் சிறைகளாக்கப்பட்டன. தமிழ்நாட்டில் மறியலில் கைதாவோரைத் திருமண மண்டபங்களிலும் சமுதாயக் கூடங்களிலும் வைத்து மாலையில் விடுவிப்பதே பெருவழக்கு. சென்னை எழும்பூரில் உள்ள காவல்துறையின் இராசரத்தினம் விளையாட்டரங்கமும் இதற்குப் பயன்பட்டுள்ளது.

உலக வரலாறு

1942 சூலையில் பாரிசு நகரில் பிரெஞ்சுக் காவல்துறை ஏறத்தாழ 13,000 யூதர்களைக் கைது செய்தது. அவர்களுள் குழந்தைகளுடன் கூடிய குடும்பங்கள் மிதிவண்டிப் பந்தய அரங்கு ஒன்றில் அடைக்கப்பட்டு, பின்னர் வதைமுகாம்களுக்கு அனுப்பப்பட்டன. சிலி நாட்டில் 1973 செப்டம்பர் 11 அன்று நிகழ்ந்த இராணுவப் புரட்சிக்குப் பின், சான்டியாகோவின் தேசிய விளையாட்டரங்கில் ஆயிரக்கணக்கானோர் அடைக்கப்பட்டுச் சித்திரவதை செய்யப்பட்டனர். 1962 உலகக்கோப்பைக் கால்பந்து இறுதிப் போட்டி நடந்ததும் இவ்வரங்கிலேயே. இங்கு 8ஆம் வாயிலருகே உள்ள பழைய மர இருக்கைகள் நினைவுச் சின்னமாக இன்றும் மாற்றப்படாமல் உள்ளன.

காவலில் உள்ளோர் உரிமைகள்

காவல் நிலையங்களில் கண்காணிப்புப் படக்கருவிகள் பொருத்தப்பட வேண்டும் என 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. நிலையான காவல் நிலையத்தில் உள்ள பதிவேடு, படக்கருவி போன்ற ஏற்பாடுகள் திடீரெனச் சிறையாக்கப்பட்ட அரங்கில் இருப்பதில்லை. ஆயினும் இடம் மாறுவதால் உரிமை மாறாது. இந்திய அரசியலமைப்பின் 22ஆவது உறுப்பின்படி, கைதானவருக்குக் காரணம் தெரிவிக்கப்பட வேண்டும். அவர் தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்து பேசலாம். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் நடுவர் முன் நிறுத்தப்பட வேண்டும். தடுப்புக் காவல் சட்டங்களின் கீழ் கைதானோருக்கு இவ்வுறுப்பு தனி விதிகளைக் கொண்டுள்ளது.